சேலத்துச் சீதாவும் கும்பளங்கி நைலாவும்

கும்பளங்கி என்ற ஊர்ப்பெயர் தமிழ்நாட்டில் பலர் வாயிலும் புழங்க ஆரம்பித்தது 2019-க்குப் பிறகுதான். மது சி. நாராயணன் இயக்கி, சியாம் புஷ்கரன் எழுதிய ‘கும்பளங்கி நைட்ஸ்’ அந்த வருஷம் பிப்ரவரி 7-ம் தேதி வெளியானது. மட்டாஞ்சேரியிலிருந்து தெற்கே தோப்பும்படி, பள்ளுருத்தி என்று போய்ப் பெரும்படப்புப் பாலத்தைக் கடந்தால் ஊர் வந்துவிடும். எந்தப் பக்கம் திரும்பினாலும் காயல், சீன வலை, பொக்காளி வயல். நெல் அறுத்த பின் அதே வயலில் உப்புத்தண்ணீர் புகுந்து இறால் வளரும். 2003-ல் மாதிரிச் சுற்றுலாக் கிராமத் திட்டம் இங்கே தொடங்கியபோது, வீட்டில் ஓர் அறையை ஒதுக்கிப் பயணிகளுக்கு வாடகைக்கு விடும் ஹோம்ஸ்டே தொழில் ஊரில் வேர்பிடித்தது. படத்தின் கதைக்குள் ஓர் அமெரிக்கப் பெண் நுழைவது அப்படி ஓர் அறை வழியாகத்தான்.

அவள் பெயர் நைலா. நடித்தவர் அமெரிக்க நடிகை ஜாஸ்மின் மெட்டிவியர். படத்தைப் பற்றி எழுதியவர்கள் ஷம்மியாக வந்த ஃபகத் ஃபாசிலைப் பக்கம் பக்கமாக எழுதினார்கள். பேபிமோளாக அறிமுகமான அன்னா பென்னையும், சிமியாக வந்து கடைசியில் குரலை உயர்த்தும் கிரேஸ் ஆண்டனியையும் கொண்டாடினார்கள். நைலாவுக்குக் கிடைத்ததெல்லாம் ஒரு வரி, மிஞ்சினால் இரண்டு. தென்னிந்தியக் கேமராவுக்கு முன்னால் வந்து நின்ற அமெரிக்க நடிகைகளைப் பற்றிய எழுத்து மொத்தத்துக்குமே இதே நிலைதான்.

ஆண்கள் விஷயத்தில் இந்தக் குறை கிடையாது. ஒஹையோக்காரரான எல்லிஸ் ஆர். டங்கன் ‘சதிலீலாவதி’யில் எம்.ஜி.ஆரை அறிமுகப்படுத்தியதும், ‘சகுந்தலை’, ‘மீரா’, ‘மந்திரி குமாரி’ என்று எடுத்துத் தள்ளியதும் தமிழ் சினிமா வரலாற்றில் யாரும் தாண்டிப்போக முடியாத அத்தியாயம். அவர் தன் வரலாற்றை எழுதியிருக்கிறார். கரண் பாலி 2013-ல் அவரைப் பற்றி ‘அன் அமெரிக்கன் இன் மெட்ராஸ்’ என்ற ஆவணப்படம் எடுத்தார். தமிழ் தெரியாமலே தமிழ்ப் படம் எடுத்த மனிதர் என்பதால் கதைக்கும் சுவை அதிகம். ஆனால் அதே டங்கனின் கைவண்ணமும் சேர்ந்து சேலத்தில் உருவான ஓர் ஆங்கிலப் படத்தில் கதாநாயகியாக நடித்துவிட்டுப் போன அமெரிக்கப் பெண்ணுக்கு நம் வரலாறுகளில் அடிக்குறிப்புக்கு மேல் இடமில்லை.

படம் ‘தி ஜங்கிள்’, 1952. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸும் ஹாலிவுட்காரரான வில்லியம் பெர்க்கும் கூட்டாகத் தயாரித்தது. இயக்கமும் பெர்க்தான். ராட் கேமரான், சீசர் ரொமேரோ இருவரும் ஆண் நட்சத்திரங்கள். நம் எம்.என். நம்பியாருக்கும் ஒரு வேஷம் உண்டு. தமிழில் ‘காடு’ என்று வந்தது. யானைகள் ஊருக்குள் புகுந்து துவம்சம் செய்கின்றன, காரணம் தேடி இளவரசி ஒரு கூட்டத்தைத் திரட்டிக்கொண்டு காட்டுக்குள் போகிறாள், அங்கே பனியுகத்து மாமத யானைகள் உயிரோடு இருப்பது தெரியவருகிறது என்பது கதை. மாமத யானைக்கு எங்கே போவது? உள்ளூர் யானைகளுக்குக் கம்பளி ரோமம் போர்த்திச் சமாளித்திருக்கிறார்கள். சேலத்து வெயிலில் அந்த யானைகள் பட்ட பாட்டை யாரும் பதிவு செய்யவில்லை.

இளவரசி சீதாவாக வந்தவர் மேரி வின்ட்சர். உட்டா மாநிலத்தில் மேரிஸ்வேல் என்ற சிற்றூரில் 1919 டிசம்பர் 11-ம் தேதி பிறந்தவர். இயற்பெயர் எமிலி மேரி பெர்டெல்சன். மரியா உஸ்பென்ஸ்காயா என்ற ரஷ்ய ஆசிரியையிடம் நடிப்புப் பயின்றார். 1940-களின் தொடக்கத்தில் சில்லறை வேஷங்களில் ஆரம்பித்தவருக்கு, 1948-ல் ஜான் கார்ஃபீல்டோடு நடித்த ‘ஃபோர்ஸ் ஆஃப் ஈவில்’ பெயர் வாங்கித் தந்தது. உயரம் ஐந்தடி ஒன்பது அங்குலம். கதாநாயகனைவிட நாயகி உயரமாக இருக்கக்கூடாது என்பது ஹாலிவுட்டின் எழுதாத சட்டம். நல்ல அழகும் திறமையும் இருந்தும் பெரிய ஸ்டூடியோக்களின் முதல்வரிசை நாயகியாக அவர் ஆகாததற்கு இந்த உயரமும் ஒரு காரணம். சின்ன பட்ஜெட்டில் சீக்கிரம் எடுத்து முடிக்கும் ‘பி’ படங்களின் ராணி என்று அவருக்குப் பெயர் விழுந்தது. கேலி போலத் தோன்றும், ஆனால் அந்த ராஜ்ஜியத்தில்தான் அவருக்கு நல்ல வேஷங்கள் கிடைத்தன.

அவர் சேலம் வந்துபோன காலத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். ரிச்சர்ட் ஃப்ளெய்ஷர் இயக்கிய ‘தி நாரோ மார்ஜின்’ வெளியானதும் அதே 1952-ல்தான். பெரும்பாலும் ஒரு ரயிலுக்குள்ளேயே நடக்கும் படம். கொள்ளைக்கூட்டத் தலைவனின் விதவை சாட்சி சொல்லக் கிளம்புகிறாள். போலீஸ்காரர் ஒருவர் காவலாகப் போகிறார். வின்ட்சர்தான் அந்த விதவை. சிகரெட்டும் எகத்தாளமுமாக, தன்னைக் காப்பாற்ற வந்தவனையே வார்த்தையால் கீறிக்கொண்டிருக்கிறாள். போலீஸ்காரனுக்கு அவளைக் கண்டாலே எரிச்சல், நமக்கும் கொஞ்சம் அப்படித்தான். நடுவழியில் அவளைச் சுட்டுக் கொன்றுவிடுகிறார்கள். அப்புறம்தான் தெரிகிறது, அவள் விதவையே அல்ல, எதிரிகளின் கண்ணைக் கட்ட அனுப்பப்பட்ட போலீஸ்காரி. எகத்தாளம் முழுக்க வேஷம். படத்துக்குள் ஒரு நடிப்பு, அதை நம்மிடமிருந்து மறைத்த இன்னொரு நடிப்பு. இவ்வளவு செய்தவளுக்காகப் படம் ஒரு நிமிஷம்கூட நின்று வருந்துவதில்லை. உண்மையான விதவையைக் காப்பாற்ற ரயில் ஓடிக்கொண்டே இருக்கிறது. நல்ல படம்தான், ஆனாலும் இந்த இடம் எனக்கு ஒவ்வொரு முறையும் உறுத்துகிறது.

நான்கு வருஷம் கழித்து ஸ்டான்லி குப்ரிக்கின் ‘தி கில்லிங்’. குதிரைப் பந்தய மைதானத்தைக் கொள்ளையடிக்கத் திட்டம் போடும் கூட்டத்தில் ஒரு சோப்ளாங்கிக் கணவன் இருக்கிறான். எலைஷா குக் ஜூனியர் செய்த வேஷம். அவனிடமிருந்து ரகசியத்தைக் கறந்து காதலனிடம் சேர்த்துவிடும் மனைவி ஷெர்ரி, வின்ட்சர். அந்த வீட்டுக் காட்சிகளைப் பார்க்க வேண்டும். சோபாவில் சாய்ந்தபடி, குரலைச் சற்றும் உயர்த்தாமல், ஒவ்வொரு வாக்கியத்தாலும் கணவனை ஓர் அங்குலம் குட்டையாக்குகிறாள். திரையில் அவர் வரும் நேரம் குறைவு. படம் முடிந்தபின் நினைவில் நிற்பவர்களில் அவரும் ஒருவர்.

இப்படிப்பட்ட நடிகை கையில் கிடைத்தும் சேலத்தில் அவருக்குக் கொடுக்கப்பட்டது நடப்பதற்கும் பார்ப்பதற்கும் தவிர வேலையில்லாத ஓர் இளவரசி வேஷம். இத்தனைக்கும் மாடர்ன் தியேட்டர்ஸ் நடிகைகளைப் பயன்படுத்தத் தெரியாத கம்பெனி அல்ல. டி.ஆர். சுந்தரம் 1938-ல் ‘பாலன்’ எடுத்து மலையாளத்தின் முதல் பேசும் படத்தையே சேலத்திலிருந்து கொடுத்தவர். எம்.கே. கமலம் அதன் நாயகி. பின்னாளில் அதே கம்பெனியின் ‘சி.ஐ.டி. சங்கர்’ (1970) ஒரு நடிகைக்குப் பட்டப்பெயரையே தந்தது. சி.ஐ.டி. சகுந்தலா அப்படி வந்தவர்தான். சேலத்துக்காரரான அவர் தமிழில் செய்துகொண்டிருந்ததும், ஹாலிவுட்டில் வின்ட்சர் செய்ததும் ஏறக்குறைய ஒரே வேலை. கெட்டவளாக வந்து, நல்லவளாக வந்தவர்களைவிட அதிகம் நினைவில் தங்குவது. ஆனால் இந்திய இளவரசி என்றதும் இரண்டு நாட்டுத் தயாரிப்பாளர்களும் சேர்ந்து அந்த நடிகையிடமிருந்த கூர்மை எல்லாவற்றையும் மழுக்கிவிட்டார்கள். அமெரிக்கச் சந்தைக்குக் கீழைத்தேசம் வேண்டும், சேலத்துக்கு ஹாலிவுட் பெயர் வேண்டும். நடுவில் நின்றவருக்கு எழுத யாருக்கும் நேரமில்லை.

எடி முல்லர் 2001-ல் எழுதிய ‘டார்க் சிட்டி டேம்ஸ்’, ஹாலிவுட்டின் குற்றப்படங்களில் நடித்த ஆறு பெண்களின் வாழ்க்கையைச் சொல்கிறது. அதில் ஒருவர் மேரி வின்ட்சர். அங்கே அவர் முழு மனுஷி. நம் பக்கத்து நூல்களில் அவர் ‘ஜங்கிள்’ படத்தில் வந்த வெள்ளைக்காரி. இரண்டு அலமாரிகளும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை போலிருக்கிறது.

அந்தக் காலத்து மற்ற உதாரணங்கள் இதைவிடப் பிரபலம், ஆனால் நம் நோக்கத்துக்கு அவ்வளவாக உதவாது. அவா கார்ட்னர் ‘பவானி ஜங்ஷன்’ (1956) படத்தில் ஆங்கிலோ இந்தியப் பெண்ணாக வந்தார். கதை இந்தியாவில் நடக்கிறது, படம் பிடித்தது லாகூரில். இலங்கையில் எடுத்த ‘எலிஃபண்ட் வாக்’ (1954) இன்னும் வேடிக்கை. விவியன் லீயை வைத்துத் தொடங்கினார்கள், அவருக்கு உடல்நிலை சரியில்லாமல் போகவே எலிசபெத் டெய்லர் வந்தார். டெய்லரின் காட்சிகளை ஹாலிவுட்டில் எடுத்து ஒட்டினார்கள். தூரத்துக் காட்சிகள் சிலவற்றில் தெரிவது லீ. தேயிலைத் தோட்டத்தில் நடப்பவர் ஒருவர், பேசுபவர் இன்னொருவர்.

கேரளத்துக்கு வருவோம். இஸ்மாயில் மெர்ச்சன்ட் ‘காட்டன் மேரி’யை (1999) கொச்சியில் எடுத்தார். அதில் மதுர் ஜாஃப்ரிக்கு எதிரே வந்த கிரேட்டா ஸ்காக்கி அமெரிக்கர் அல்ல. சந்தோஷ் சிவனின் ‘பிஃபோர் த ரெய்ன்ஸ்’ (2007) படத்தில் வந்த ஜெனிஃபர் ஈலி, வட கரோலினாவின் வின்ஸ்டன்-சேலத்தில் பிறந்தவர். (சேலம் இவரையும் விடவில்லை.) 1995-ல் பிபிசி தொடரான ‘ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்’ அவரை உலகத்துக்குக் காட்டியது, பிராட்வேயில் இரண்டு டோனி விருதுகள் வாங்கியவர். 1937-ன் மலைத்தோட்டத்தில் நடக்கும் சந்தோஷ் சிவனின் கதையில் அவர் ஆங்கிலேயத் தோட்டக்காரரின் மனைவி. கணவனுக்கும் நந்திதா தாஸ் செய்த உள்ளூர்ப் பெண்ணுக்கும் இருந்த உறவு அவளுக்குத் தெரியவரும் கட்டங்களில், ஈலி அதிகம் பேசாமலே வீட்டுக்குள் வெப்பநிலையை மாற்றிவிடுகிறார். ஐம்பது வருஷத்துக்கு முன் வின்ட்சருக்குக் கிடைக்காதது இவருக்குக் கிடைத்தது. அவமானப்பட ஒரு காரணமும், அதைக் காட்ட ஒரு காட்சியும்.

2014-ல் ‘பெங்களூர் டேஸ்’ வந்தபோது பாரிஸ் லட்சுமி என்ற பிரெஞ்சு நடனக் கலைஞர் மிஷெலாக வந்தார். சின்ன வேஷம். வெள்ளைக்காரப் பெண் என்றால் வேடிக்கை, அல்லது மருமகளாக வந்து சேலை கட்டிக்கொண்டு கைதட்டல் வாங்குவது என்றிருந்த வழக்கம் மலையாளத்தில் அப்போதே தளர்ந்துகொண்டிருந்தது.

இந்தப் பின்னணியில் வைத்துப் பார்த்தால் நைலாவின் இடம் தெளிவாகிறது. அவள் இளவரசி இல்லை, தோட்டத்து எஜமானியும் இல்லை. காசு கொடுத்துத் தங்கும் பயணி. சேலை கட்டுவதில்லை, யாரையும் திருத்துவதில்லை. பேச முடியாத போனியோடு (ஸ்ரீநாத் பாசி) அவளுக்குக் காதல் வருகிறது. ராத்திரியில் காயலில் கவரு பூத்திருப்பதைப் பார்க்கப் போகிறார்கள். கோடையில் தண்ணீரில் உப்பேறும்போது நுண்ணுயிர்கள் பெருகி, கையால் அலைத்தால் நீல வெளிச்சம் தெறிக்கும். அதைத்தான் அங்கே கவரு என்கிறார்கள். படம் வந்தபின் அதைப் பார்ப்பதற்கென்றே கும்பளங்கிக்கு வண்டி கட்டி வந்தார்கள். அழகான காட்சிதான். ஆனால் சியாம் புஷ்கரன் இங்கே ஒரு சாமர்த்தியம் செய்திருக்கிறார். அமெரிக்கப் பெண்ணுக்கும் காயல்கரைப் பையனுக்கும் நடுவே வரக்கூடிய மொழிச் சிக்கலை, பையனைப் பேச முடியாதவனாக்கித் தீர்த்துவிட்டார். தீர்த்ததோடு நைலாவுக்கு வரவேண்டிய வசனங்களும் போய்விட்டன. அவள் என்ன வேலை செய்கிறாள், எதை விட்டுவிட்டு இங்கே வந்தாள், இவனிடம் எதைக் கண்டாள் என்று படம் கேட்பதே இல்லை. கல்யாணமாகாத ஜோடிக்கு இங்கே இடமில்லை என்று ஹோம்ஸ்டே வீட்டு மருமகனான ஷம்மி விரட்டும்போது, அவனுடைய கோணல் நமக்குப் புரிய அவள் ஒரு கருவி. அதற்கு மேல் அவளுக்கு அங்கே வேலை இல்லை.

போனியின் வீட்டுக்கு வரும் இன்னொரு வெளியூர்க்காரியைத் தமிழர்கள் கவனித்திருப்பார்கள். சதி. ‘டுலெட்’ படத்தில் வாடகை வீடு தேடி அலையும் மனைவியாக நடித்த ஷீலா ராஜ்குமார் செய்த வேஷம். அவளுடைய கணவன் (ரமேஷ் திலக்) இஸ்திரி போட்டுப் பிழைக்கும் தமிழன். இது போகிற போக்கில் வைத்த விவரம் அல்ல. ஃபோர்ட் கொச்சியில் வெளி என்ற இடத்தில் உள்ள தோபிகானாவில் தலைமுறை தலைமுறையாகத் துணி வெளுத்துப் பெட்டி போடுபவர்கள் தமிழ் வண்ணார்கள். டச்சுக்காரர்கள் காலத்தில் கொண்டுவரப்பட்டவர்கள் என்று சொல்லிக்கொள்வார்கள். சாகத் துணிந்த போனியின் சகோதரன் சஜியைக் காப்பாற்றப் போய் அந்த மனிதன் உயிரை விடுகிறான். நிறைமாதக்காரியான சதியை சஜி வீட்டுக்குக் கூட்டி வருகிறான். அவளும் அதிகம் பேசுவதில்லை. ஆனால் அவள் ஏன் பேசவில்லை என்பது நமக்குத் தெரியும். ஷீலா ராஜ்குமார் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கும்போது அதில் ஒரு கடன்கணக்கே இருக்கிறது. மெட்டிவியர் சிரிக்கும்போது சிரிப்பு மட்டும்தான் இருக்கிறது. குறை நடிகையுடையது அல்ல.

போனி, சஜி உள்ளிட்ட நான்கு சகோதரர்களின் தாய் மதச் சேவைக்கென்று போய்விட்டவள், கூப்பிட்டும் திரும்பி வருவதில்லை. அவள் காலி செய்த இடத்தை ஒரு தமிழச்சியும் ஓர் அமெரிக்கப் பெண்ணும் நிரப்புகிறார்கள். பெண்ணே இல்லாத வீட்டுக்குப் பெண்கள் வந்தால் வீடு வீடாகிவிடும் என்ற பழைய நம்பிக்கை, இவ்வளவு முற்போக்கான படத்திலும் பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டது. ஆண்களின் வீம்பை இவ்வளவு நுட்பமாகப் பிரித்துக் காட்டிய எழுத்தாளருக்கு இது தெரியாமல் இருந்திருக்காது.

நடிகையின் வாழ்க்கை என்று எழுதும்போது படப்பட்டியலோடு நிறுத்திக்கொள்வது இந்தத் துறையின் இன்னொரு பழக்கம். மேரி வின்ட்சர் பிற்காலத்தில் தொலைக்காட்சித் தொடர்களில் நடித்தார், ஓவியம் வரைந்தார், சிற்பம் செய்தார். இதையெல்லாம்விட முக்கியம், 1933-ல் தொடங்கிய அமெரிக்கத் திரை நடிகர் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் 25 வருஷம் இருந்தார். கெட்டவளாக நடித்துப் பெயர் வாங்கியவர், சக நடிகர்களுக்காகக் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து கழித்த அந்தக் கால் நூற்றாண்டைப் பற்றித்தான் நான் அதிகம் படிக்க விரும்புவேன். 2000 டிசம்பர் 10-ம் தேதி, 81-வது பிறந்தநாளுக்கு முந்தின நாள், இறந்துபோனார்.

கொச்சியில் அந்தக் கதைக்கு இணையான கதை கண்முன்னே நடந்துகொண்டிருக்கிறது. 2017 பிப்ரவரியில் ஒரு நடிகை காரில் கடத்தித் தாக்கப்பட்டதைத் தொடர்ந்து ‘விமன் இன் சினிமா கலெக்டிவ்’ உருவானது. திரைத்துறையில் பெண்களின் நிலையை ஆராயக் கேரள அரசு அமைத்த நீதிபதி ஹேமா குழுவில், மலையாளத் திரையில் பல வருஷம் நாயகியாக இருந்த சாரதாவும் ஓர் உறுப்பினர். ‘கும்பளங்கி நைட்ஸ்’ வெளியான அதே 2019-ன் கடைசி நாளில் குழு அறிக்கையைக் கொடுத்தது. பலவற்றை நீக்கிவிட்டு வெளியிட 2024 ஆகஸ்ட் ஆகிவிட்டது. படப்பிடிப்பில் கழிப்பறை இல்லை, உடை மாற்ற இடமில்லை, எழுத்து ஒப்பந்தம் இல்லை என்று அதில் வரும் பகுதிகளைப் படித்தவர்களுக்கு, ஒரு நடிகையின் ‘திரைப் பயணம்’ என்று நாம் எழுதும் கட்டுரைகளில் எவ்வளவு விட்டுப்போகிறது என்று தெரியும். 1994-ல் தொடங்கிய ‘அம்மா’ நடிகர் சங்கத்துக்கு 2025 ஆகஸ்டில்தான் முதல்முறையாக ஒரு பெண், ஸ்வேதா மேனன், தலைவரானார்.