விளையாட்டும் விதியும்: மூன்று கணினி விளையாட்டுகள் பற்றிய ஒரு நோக்கு

கணினி விளையாட்டுகள் பற்றிய பேச்சு இன்று மாணவர் விடுதிகளிலும் சிற்றுண்டிச்சாலைகளிலும் சாதாரணமாகக் கேட்கக்கூடிய ஒன்றாகிவிட்டது. ஒருவர் தாம் அண்மையில் ஆடிவரும் விளையாட்டைக் குறிப்பிடுவார். மற்றொருவர் தமது அனுபவத்தைக் கூறுவார். காட்சிகள் அழகாயிருக்கின்றன, கதை நன்றாயிருக்கின்றது, முடிப்பதற்கு நாற்பது மணித்தியாலம் பிடித்தது என்பன போன்ற அபிப்பிராயங்கள் பரிமாறப்படும். இவை யாவும் இரசனையின் வெளிப்பாடுகள். அவ்வகையில் அவற்றுக்கு மதிப்புண்டு. ஆயினும் ஓர் ஆக்கம் மனத்திற் பதித்த சுவட்டைக் கூறுவது வேறு. அச்சுவடு எவ்வாறு பதிந்தது என வினவுவது வேறு. பின்னைய வினாவிலேயே விமர்சனம் தொடங்குகின்றது.

புதியதொரு கலைவடிவம் தோன்றும்போது பழைய வடிவங்களின் அளவுகோல்களே முதலில் அதன்மேல் வைக்கப்படுதல் வழக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் தமிழில் நாவல் தோன்றியபோது அது 'வசன காவியம்' என்ற பெயராற் சுட்டப்பட்டது. திரைப்படம் நெடுங்காலம் படம்பிடிக்கப்பட்ட நாடகமாகவே கொள்ளப்பட்டது. கணினி விளையாட்டுக்கும் இதுவே நேர்ந்துள்ளது. அதன் கதையை நாவலின் அளவுகோலாலும், காட்சியைத் திரைப்படத்தின் அளவுகோலாலும் அளப்போர் பலர். இவ்விரண்டும் வேண்டியனவே. ஆனால் கதையையும் காட்சியின் அலங்காரத்தையும் நீக்கிய பின்னரும் விளையாட்டு விளையாட்டாகவே எஞ்சி நிற்கும். 1984இல் மொஸ்கோவில் அலெக்சி பஜித்னோவ் ஆக்கிய 'ரெற்றிஸ்' இதற்குத் தக்க சான்று. அதிற் கதையில்லை, மாந்தரில்லை, மேலிருந்து விழும் கட்டங்களும் அவற்றை அடுக்கும் விதியுமே உள. ஆகவே இவ்வடிவத்தின் உயிர்நிலை விதியே எனக் கொள்ளுதல் பொருந்தும்.

விதி என்னும் தமிழ்ச் சொல் இவ்விடத்து ஆழ்ந்து நோக்கத்தக்கது. இலக்கண நூலார் கூறும் புணர்ச்சி விதியும் விதி. அரசு தண்டம் விதிப்பதும் விதித்தலே. மனிதன் தன் வாழ்வில் தப்பமுடியாதது என எண்ணுவதும் விதியே. ஒழுங்கு, ஆணை, ஊழ் ஆகிய மூன்று பொருள்களையும் ஒரே சொல் தாங்கி நிற்கின்றது. விளையாட்டில் இம்மூன்றும் ஒன்றாகிவிடுகின்றன. ஆக்குநர் வகுத்த ஒழுங்கு, ஆடுபவருக்கு ஆணையாகவும், கதைமாந்தருக்கு ஊழாகவும் அமைகின்றது.

இவ்வுண்மை கணினியோடு பிறந்ததன்று. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிப்போர் ஆடிவந்த பரமபதத்தை எடுத்துக்கொள்ளலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்து சென்று பாம்பும் ஏணியுமாக மாறிய இந்திய ஆட்டமரபைச் சேர்ந்தது இது. அப்படத்தில் நற்செயல் ஏணியாகவும் தீச்செயல் பாம்பாகவும் தீட்டப்பட்டிருக்கும்; உச்சியிலே பரமபதம் இருக்கும். மனிதன் தன் வினையால் உயர்கின்றான், தன் வினையால் வீழ்கின்றான் என்பதே படம் கூறும் பொருள். ஆனால் ஆடுபவர் எந்த வினையையும் தெரிவு செய்வதில்லை. காயை உருட்டுகின்றார், விழுந்த எண்ணின்படி நகர்கின்றார். படம் கூறுவது வினைப்பயன். விதி உணர்த்துவதோ மனிதன் கையில் எதுவுமில்லை என்பதை. படமும் விதியும் ஒன்றையொன்று மறுத்து நிற்பதை ஆடுவோர் பெரும்பாலும் கவனிப்பதில்லை. ஒரு விளையாட்டின் படமும் கதையும் கூறுவதை அதன் விதி ஆதரிக்கின்றதா, மறுக்கின்றதா என்பதே அதுபற்றிக் கேட்கத்தக்க முதல் வினாவாகும். இவ்வினாவைக் கொண்டு இன்றும் பரவலாக ஆடப்படும் மூன்று விளையாட்டுகளை நோக்கலாம்.

முதலாவது, லூக்காஸ் போப் என்ற அமெரிக்கர் யப்பானில் வாழ்ந்த காலத்தில் ஆக்கி 2013இல் வெளியிட்ட 'பேப்பர்ஸ், பிளீஸ்'. ஆர்ஸ்டொற்ஸ்கா என்ற கற்பனை நாட்டின் எல்லைச் சாவடியில், 1982ஆம் ஆண்டின் இறுதியிலே கதை தொடங்குகின்றது. அயல்நாட்டோடு நிகழ்ந்த ஆறாண்டுப் போர் அப்போதுதான் முடிந்திருக்கின்றது. ஆடுபவர் குடிவரவு அதிகாரியாகின்றார். வரிசையில் வருவோரின் கடவுச்சீட்டையும் பத்திரங்களையும் சரிபார்த்து அனுமதி அல்லது மறுப்பு முத்திரை இடுவதே அவர் தொழில். ஒருவரின் பத்திரங்களைச் சரியாகப் பார்த்து முடித்தால் ஐந்து அலகு பணம் கிடைக்கும். மாலையில் அப்பணத்தைக் கொண்டு வாடகை, உணவு, வெப்பம், மருந்து ஆகியவற்றை ஈடுசெய்தல் வேண்டும். மனைவி, மகன், மாமியார், மாமன் எனக் குடும்பம் காத்திருக்கும். நாளுக்கு நாள் புதிய கட்டளைகள் வரும், பார்க்கவேண்டிய பத்திரங்கள் பெருகும், மேசையோ சிறியது.

இவ்விளையாட்டின் தொடக்க நாள்களில் ஒரு கணவன் வருகின்றான். அவனுடைய பத்திரங்கள் சரியாக இருக்கின்றன. அடுத்து வருபவள் தன் மனைவி என்றும் அவளிடம் இரக்கம் காட்டும்படியும் கேட்டுவிட்டுச் செல்கின்றான். மனைவியிடம் நுழைவு அனுமதிப் பத்திரம் இல்லை. திரும்பிச் சென்றால் கொல்லப்படுவேன் என்கின்றாள். இத்தகைய நிலைமையை நாவலோ நாடகமோ இதனினும் சிறப்பாகச் சித்திரிக்கக்கூடும். ஆனால் இங்கு ஒரு சிறு விதி தொழிற்படுகின்றது. ஒரு நாளில் நேரும் முதலிரண்டு தவறுகளுக்கு எச்சரிக்கை மட்டுமே உண்டு. அதற்குமேற்பட்டவற்றுக்குத் தண்டப்பணம் அறவிடப்படும். ஆகவே அப்பெண்ணை உள்ளே விடுவதற்குப் பணச்செலவில்லை, அன்றைய தினம் அதிகாரி வேறு தவறுகள் செய்யாதிருந்தால். அயர்ச்சியினாலோ அவசரத்தினாலோ ஏற்கனவே இரு பத்திரங்களிற் பிழைவிட்டிருந்தால் அவளுக்கான இரக்கம் மகனின் மருந்திலிருந்து எடுக்கப்படுகின்றது.

இரக்கம் இங்கு மனத்தின் இயல்பாக மட்டும் நிற்கவில்லை. நாளொன்றுக்கு இவ்வளவு எனப் பங்கீடு செய்யப்பட்ட பொருளாக மாறிவிடுகின்றது. எந்தவொரு கதைமாந்தரும் இதனைச் சொல்வதில்லை. ஆடுபவரின் கையே இதனைக் கண்டுபிடிக்கின்றது. சில நாள்கள் சென்றபின் வரிசையில் நிற்பவரின் முகத்தைப் பாராது காலாவதித் திகதியை மட்டும் பார்க்கும் பழக்கம் ஆடுபவருக்கு ஏற்பட்டுவிடுகின்றது. பின்னர், ஆட்களைத் தடுத்துவைத்தால் அதிற் பங்கு தருவதாகக் காவலாளி ஒருவன் கூறுமிடத்து, சட்டப்படி தடுக்கத்தக்கவரைத் தேடும் ஆவலும் பிறக்கின்றது. கொடுமை கொடியவரால் மட்டும் நிகழ்வதில்லை. கூலியும் நேரமும் வீட்டுச் செலவும் சேர்ந்து சாதாரண மனிதரை அதன் கருவியாக்கும் என்பதைச் சமூகவியல் நூல்கள் விளக்கும். இவ்விளையாட்டு அதனைச் செய்துபார்க்க வைக்கின்றது. படமும் விதியும் முழுமையாக இயைந்த ஆக்கம் இது எனத் துணிந்து கூறலாம்.

இரண்டாவது, போலந்தின் வோர்சோ நகரைச் சேர்ந்த லெவன் பிட் ஸ்ரூடியோஸ் 2014இல் வெளியிட்ட 'திஸ் வோர் ஒஃப் மைன்'. 1992 முதல் 1996 வரை பொஸ்னியாவின் சரஜேவோ நகரம் முற்றுகைக்குள்ளாகியிருந்த வரலாற்றைத் தழுவியது. போர் பற்றிய விளையாட்டுகளில் ஆடுபவர் பெரும்பாலும் துப்பாக்கி ஏந்திய வீரராகவே இருப்பார். இங்கோ அவர் இடிந்த வீடொன்றில் ஒதுங்கியிருக்கும் குடிமக்கள் சிலரின் வாழ்வுக்குப் பொறுப்பாகின்றார். குறிபார்த்துச் சுடுவோருக்கு அஞ்சிப் பகலில் எவரும் வெளியேற முடியாது. இரவில் ஒருவர் மட்டும் வெளியே சென்று உணவு, மருந்து, விறகு தேடி வரலாம். அவரது பையும் சிறியது. போர் எப்போது முடியும் என்பது ஆடுபவருக்குத் தெரிவிக்கப்படுவதில்லை. எத்தனை நாளைக்கு உணவைச் சேமிப்பது என்ற கணக்கு இதனாற் பொய்த்துப்போகின்றது. போருக்குள் வாழ்ந்த மக்களின் காலவுணர்வை இந்த ஒரு விதி மிகச் செம்மையாகப் புலப்படுத்துகின்றது.

தேடிச் செல்லும் இடங்களுள் வயோதிபத் தம்பதியர் வாழும் வீடொன்றும் உண்டு. அவர்களால் எதிர்த்து நிற்க முடியாது. அவர்களின் உணவையும் மருந்தையும் எடுத்துவந்தால் தன் வீட்டு நோயாளி பிழைப்பார், எடுத்தவரோ துயருறுவார். துயரம் மனச்சோர்வாகவும், மனச்சோர்வு மனமுறிவாகவும் வளரும். முறிந்தவர் செயலிழந்து போவார். குற்றம் செய்தவர் அதன் சுமையோடு அடுத்த நாளைக் கழிக்க வேண்டியிருக்கின்றது. போரை வெற்றி தோல்வியாகக் காட்டும் எண்ணற்ற விளையாட்டுகளுக்கு இது வலுவான மறுப்பு. 2020இல் போலந்து அரசு இதனை உயர்தரப் பாடசாலை மாணவரின் வாசிப்புப் பட்டியலிற் சேர்ப்பதாக அறிவித்தமை வியப்புக்குரியதன்று.

எனினும் ஒரு குறை உண்டு. துயரம் இங்கு பசியையும் காய்ச்சலையும் போன்றதொரு நிலையாகக் குறிக்கப்படுகின்றது. பசிக்கு உணவிருப்பது போலத் துயரத்துக்கும் மாற்றுகள் உள்ளன. தோழரின் ஆறுதல் வார்த்தையோ பிறருக்குச் செய்யும் உதவியோ அதனைத் தணிக்கும். பழகிய ஆட்டக்காரர் விரைவில் கணக்கிடத் தொடங்குகின்றார்: முதியவரின் மருந்தை எடுத்தால் இத்தனை நாள் துயரம், அதனை இவ்விதம் சமாளிக்கலாம். மனச்சாட்சி கையிருப்புகளுள் ஒன்றாகிவிடும் தருணம் அது. 'பேப்பர்ஸ், பிளீஸ்' மனச்சாட்சியை எவ்விடத்தும் அளக்கவில்லை. பணத்தையும் நேரத்தையும் மட்டுமே அளக்கின்றது. அளக்கப்படாத காரணத்தினாலேயே மனச்சாட்சி அங்கு ஆடுபவரின் நெஞ்சில் எஞ்சுகின்றது. போலந்து ஆக்கத்தின் நோக்கம் உயர்ந்தது. ஆனால் உணர்வை அளவையாக்கிய விதி அந்நோக்கத்தை ஓரளவு தளர்த்துகின்றது.

மூன்றாவது விளையாட்டுத் தமிழர் வாழ்வையே பொருளாகக் கொண்டது. ரொறன்ரோவைச் சேர்ந்த விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட 'வெண்பா', 1980களில் கனடாவிற் குடியேறிய வெண்பா, பாவலன் தம்பதியரையும் அவர்களின் மகன் கவினையும் பற்றியது. 2024இல் பிரித்தானியத் திரைப்பட, தொலைக்காட்சிக் கலைக்கழகத்தின் விருதுகளில் அறிமுக ஆக்கத்துக்கான விருது இதற்குக் கிடைத்தது. தமிழ் மாணவர் இதனை மகிழ்ச்சியோடு வரவேற்றமை இயல்பே. ஆனால் தமிழ்ப் படைப்பு என்னும் மகிழ்ச்சி திறனாய்வுக்கு மாற்றாகிவிடலாகாது. ஏனையவற்றுக்குப் பயன்படுத்திய அளவுகோலை இதன்மீதும் வைத்தலே அதற்குச் செய்யும் மரியாதையாகும்.

வெண்பா தன் தாயின் சமையற் குறிப்பேட்டைப் புலம்பெயர்ந்த நாட்டுக்குக் கொண்டுவந்திருக்கின்றாள். அதன் பக்கங்கள் சிதைந்தும் மை கலைந்தும் உள்ளன. இட்டலித் தட்டுகளை எவ்வாறு அடுக்குவது, புட்டுக் குழலில் மாவையும் தேங்காய்ப்பூவையும் எவ்வொழுங்கில் இடுவது என்பனவற்றை ஆடுபவரே ஊகித்து நிரப்ப வேண்டும். இவ்விதி நுட்பமானது. புட்டு அவிக்கும் வீட்டில் வளர்ந்தவருக்கு அப்பக்கத்தின் சிதைவு ஒரு தடையே அன்று. கை தானாக நிரப்பிவிடும். அப்பழக்கமில்லாதவர் தடுமாறுவார். ஒரே பக்கம் ஒருவருக்கு நினைவாகவும் மற்றொருவருக்குப் புதிராகவும் அமைகின்றது. பிற்பகுதியில் வளர்ந்த கவின் தாயின் குறிப்பைத் தானே படித்துச் சமைக்க முயலும்போது, தமிழெழுத்தே அவனுக்குத் தடையாகின்றது. புலம்பெயர் வாழ்வின் தலைமுறை இடைவெளியை வசனங்களிலும் பார்க்க இவ்விதி ஆழமாக உணர்த்துகின்றது.

இந்நுட்பம் ஆக்கம் முழுவதிலும் பேணப்பட்டிருந்தால் அது மிகப்பெரிய சாதனையாயிருக்கும். ஆனால் சமையலிற் பிழைவிட்டவருக்கு எந்த இழப்பும் நேர்வதில்லை. மாவும் வீணாவதில்லை, நேரமும் போவதில்லை, மீண்டும் தொடங்கினாற் போதும். கதையோ மீளமுடியாத இழப்புகளைப் பற்றியது: வேலை, மொழி, மகனின் நெருக்கம், இறுதியிற் கணவனின் உயிர். இழப்பைக் கண் காண்கின்றது, கை அறிவதில்லை. பரமபதத்திற் கண்ட முரண்பாடு வேறொரு கோலத்தில் இங்கும் தோன்றுகின்றது. தமிழ் யாப்பில் விதி இறுக்கம் மிகுந்த பா வெண்பா. ஒரு தளை பிழைத்தாலும் அது வெண்பா ஆகாது. அப்பெயரைத் தாங்கிய விளையாட்டு, பிழைக்கு இவ்வளவு இடங்கொடுப்பது எண்ணத்தக்கது. துயரக் கதையை ஆடுபவர் இடறலின்றிக் கேட்டு முடிக்க வேண்டும் என்ற பரிவு இதற்குக் காரணமாகலாம். அப்பரிவுக்குக் கொடுத்த விலை சிறிதன்று.

இவ்விடத்து ஓர் ஆட்சேபம் எழலாம். ஆடுவோர் வெல்வதற்காகவே ஆடுகின்றனர். விதியின் பொருளை எவர் சிந்திக்கின்றார் என்பதே அது. சிந்திக்காது ஆடுவோர் உளர் என்பது உண்மை. ஆனால் சிந்திக்கப்படாத விதியே அதிக வலிமையுடையது. சேர், பெருக்கு, எதிர்ப்பட்டவரை வீழ்த்து என்னும் விதிகளைக் கொண்ட விளையாட்டுகளே சந்தையில் மிகுதி. அவற்றை ஆடுவோருக்கு அவை விதிகளாகவே தோன்றுவதில்லை. உலகின் இயற்கையாகத் தோன்றுகின்றன. மனிதர் வகுத்த ஒழுங்கு ஊழாகத் தோற்றமளிப்பது இவ்வாறே. விளையாட்டுக்கு வெளியேயும் படிவங்களும் வரிசைகளும் தகைமைப் புள்ளிகளும் மனிதரின் நடத்தையை வகுக்கின்றன. அவற்றையும் எவரோ ஒருவர் வகுத்தார், வேறுவிதமாகவும் வகுத்திருக்கலாம். இதனை உணர்த்துவதற்கு விளையாட்டினும் ஏற்ற கலைவடிவம் இல்லையெனலாம். ஏனெனில் அதில் விதியை மாற்றினால் உலகமே மாறிவிடுகின்றது.

ஆதலின் கணினி விளையாட்டுப் பற்றிய தமிழ்த் திறனாய்வு, என்ன கதை, எத்தகைய காட்சி என்பவற்றோடு நின்றுவிடலாகாது. ஆடுபவரின் கையை அது என்ன செய்ய வைக்கின்றது, எதனைச் செய்யவிடாது தடுக்கின்றது, பிழைக்கும் இரக்கத்துக்கும் யாரிடமிருந்து விலை பெறுகின்றது ஆகிய வினாக்களும் எழுப்பப்பட வேண்டும். விளையாட்டுகளை ஆடுபவருள்ளும் அவைபற்றிப் பேசுபவருள்ளும் பல்கலைக்கழக மாணவர் பலர் உளர். அப்பேச்சை ஆய்வாக வளர்த்தெடுக்கும் பொறுப்பும் அவர்களையே சாரும்.