பொன்வேலின் கழுத்து

71-ஆவது தேசிய விருதுகளைக் கொடுத்து முடித்தாயிற்று. ‘பார்க்கிங்’குக்காக எம்.எஸ். பாஸ்கர் துணை நடிகர் விருது வாங்கியதில் எனக்குப் பரம திருப்தி. ‘மொழி’ பேராசிரியருக்கே கொடுத்திருக்க வேண்டியது, பதினாறு வருஷம் தள்ளி வந்திருக்கிறது. அடுத்தது 2024-இல் தணிக்கையான படங்களின் முறை. எங்கள் பரமத்தி வேலூர் டீக்கடையில் ‘மகாராஜா’, ‘அமரன்’, ‘மெய்யழகன்’ என்று ஆளுக்கொரு கட்சி. நான் ‘வாழை’ கட்சி. அதிலும் தார் சுமக்கும் பையனாக நடித்த பொன்வேல். அதிலும் குறிப்பாக அந்தப் பையனின் கழுத்து.

சிரிக்காதீர்கள். ராஜவாய்க்கால் பாயும் ஊர்க்காரனுக்கு வாழைத்தாரைப் பற்றிப் பேச உரிமை உண்டு. பூவனும் ரஸ்தாளியும் கற்பூரவல்லியும் ஏலத்துக்கு வந்து இறங்கும்போது மண்டியில் நின்று பாருங்கள். தார் தலைக்கு ஏறிவிட்டால் ஆளால் பக்கத்தில் திரும்பிப் பார்க்க முடியாது. பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டால் முழு உடம்போடுதான் திரும்புவார். கண் மட்டும் ஓரமாக ஓடும். நம் சினிமாவில் சுமை தூக்கும் நாயகர்கள் மூட்டையோடு நாயகியைப் பார்த்துத் தலையசைப்பார்கள், பாட்டுக்கு வாயசைப்பார்கள். மூட்டைக்குள் பஞ்சுதான் என்பது பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரிந்துவிடும்.

பொன்வேலிடம் அந்தப் பொய் இல்லை. தார் ஏறியதும் கழுத்து தோளுக்குள் இறங்கிவிடுகிறது, தாடை இறுகுகிறது. வரப்பில் நடக்கும்போது பார்வை அடுத்த அடி வைக்கும் இடத்தைத் தாண்டிப் போவதில்லை. அந்த இடங்களில் தேனி ஈஸ்வரின் கேமரா என்ன செய்தது என்றுகூட நான் கவனிக்கவில்லை. பையன் என்னை அந்தப் பக்கம் பார்க்க விடவில்லை. அதே பையன் பள்ளிக்கூடத்தில் பூங்கொடி டீச்சர் முன்னால் நிற்கும்போது கழுத்து கொக்கு மாதிரி நிமிர்ந்து நிற்கிறது. ரஜினியா கமலா என்று சிநேகிதனோடு சண்டை போடும்போது தலை எல்லாப் பக்கமும் ஆடுகிறது. தார் சுமக்கும் சனி ஞாயிறுக்கு ஒரு கழுத்து, மற்ற நாளுக்கு வேறொரு கழுத்து.

டீச்சர் காட்சிகள் நீளம், அதெல்லாம் எதற்கு என்று கேட்கிற நண்பர்கள் இருக்கிறார்கள். அவை இல்லாவிட்டால் நிமிர்ந்த கழுத்து நமக்குத் தெரியாமலே போயிருக்கும், குனிந்ததும் வலித்திருக்காது. கடைசி அரைமணி நேரத்தில் இயக்குநர் மாரி செல்வராஜ் கொஞ்சம் அதிகமாகவே அழவைக்கிறார் என்றால் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பசியில் ஒரு பழத்தைப் பறித்துத் தின்றதற்கு அந்தப் பையன் அடி வாங்கும் இடத்தில் ஒரு பிரேம்கூட அதிகமில்லை. தோப்பு வைத்திருக்கிற எங்கள் ஊர்ப் பெரியவர்கள் அந்தக் காட்சியை எப்படிப் பார்த்தார்கள் என்று கேட்க ஆசைதான். இதுவரை கேட்கவில்லை.

‘வாழை’ வந்த அதே 2024 ஆகஸ்ட் 23 அன்றுதான் ‘கொட்டுக்காளி’யும் வந்தது. சுண்ணாம்பு தடவிய தொண்டையும் கட்டிப்போன குரலுமாக சூரி உறுமுவதற்கு ஒரு விருது கொடுக்கலாம். பின்னணி இசையே இல்லாத படத்தில் அந்தக் குரல்தான் இசை. கிட்டத்தட்ட வாயே திறக்காமல் உட்கார்ந்திருக்கும் அன்னா பென்னுக்கும் சேர்த்தே கொடுக்கலாம். இரண்டு நல்ல படங்களை ஒரே வெள்ளிக்கிழமையில் மோதவிட்டு, பிறகு நல்ல படத்துக்குக் கூட்டம் வருவதில்லை என்று புலம்புவது நம் வியாபார மூளை.

விருது என்றாலே இப்போது ரசிகர் மன்றச் சண்டைதான். ‘ஜெய் பீம்’, ‘கர்ணன்’, ‘சார்பட்டா’ மூன்றும் தேசிய விருதில் வெறுங்கையோடு திரும்பிய வருஷத்தில் எனக்கும் கோபம் வந்தது. ஆனால் அந்தக் கூச்சலில், ‘கடைசி விவசாயி’ நல்லாண்டிக்குச் சிறப்புக் குறிப்பு கிடைத்ததைக் கொண்டாட ஆளில்லாமல் போயிற்று. படம் வெளியாவதற்கு முன்பே காலமாகிவிட்ட கிழவர் அவர். தொலைக்காட்சி விருது விழாக்களைப் பற்றிப் பேச வேண்டாம். யார் வருகிறார்களோ அவர்களுக்கு ஒன்று. நம் மாநில அரசு விருதுகளோ, 2009 முதல் 2014 வரைக்கும் சேர்த்து 2017-இல் அறிவித்து, கையில் கொடுத்தது 2022-இல்!

‘ஜெயிலர் 2’க்கு நாள் எண்ணுகிறவர்கள் எண்ணட்டும். எனக்கு எதிர்பார்ப்பு ‘கடைசி விவசாயி’ எடுத்த மணிகண்டன் மேலும் ‘கொட்டுக்காளி’ எடுத்த வினோத்ராஜ் மேலும்தான். ‘காக்கா முட்டை’ பையன்கள் ரமேஷும் விக்னேஷும் தேசிய விருது வாங்கியபோதே தெரிந்தது, நடிப்புப் பயிற்சி இல்லாதவர்களிடம் மணிகண்டன் எதை எடுக்கிறார் என்று.

பொன்வேலுக்கும் அதே குழந்தை நட்சத்திரப் பிரிவில் கொடுப்பார்கள் என்கிறார்கள். கொடுத்தால் மகிழ்ச்சி. ஆனால் வயசைப் பார்த்துச் சலுகை தருகிற விஷயமல்ல இது. 2024-இன் சிறந்த நடிகர் பொன்வேல். இரண்டாமிடம் சூரி. மற்றவர்களைப் பற்றி டீக்கடையில் பேசிக்கொள்ளலாம்.