பிரிவு 21: நாற்காலி போட்டாச்சு, பேச விட்டார்களா?

எங்கள் தெருமுனையில் ஒரு பெண் இஸ்திரி வண்டி வைத்திருக்கிறார். அவர் மகள் அரசுப் பள்ளியில் ஏழாவது படிக்கிறாள். போன மாதம் துணி வாங்கப் போனபோது, "அண்ணா, நானும் ஸ்கூல் கமிட்டில மெம்பர்" என்று பெருமையாகச் சொன்னார். கூட்டத்தில் என்ன நடந்தது என்று கேட்டேன்.

"சேர் போட்டு உக்கார வச்சாங்க. டீ குடுத்தாங்க. டீச்சர் ஏதோ படிச்சாங்க, நோட்டுல கையெழுத்து போட்டோம். அவ்ளோதான்."

என்ன தீர்மானமாம்?

"தெரியலண்ணா. கேக்க ஒரு மாதிரி கூச்சமா இருந்துச்சு."

மெதுவாக இன்னொன்றும் சொன்னார். மகள் பள்ளியில் தண்ணீரே குடிப்பதில்லை. காரணம், பெண் பிள்ளைகளின் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. இதைச் சொல்லத்தான் அரை நாள் வருமானத்தை விட்டுவிட்டுப் போயிருக்கிறார். கடைசி வரை சொல்ல வாய்ப்பே வரவில்லை.

அன்று ராத்திரி உட்கார்ந்து 2009ஆம் வருடத்துக் கல்வி உரிமைச் சட்டத்தை வாசித்தேன். நான் வக்கீல் இல்லை. ஆனால் இருபது வருடமாக ஸ்பெக் வாசித்துப் பிழைப்பு நடத்துபவன். ஸ்பெக்கில் நான் முதலில் பார்ப்பது வினைச்சொற்களைத்தான். யார் என்ன செய்யவேண்டும் என்பது அங்கேதான் இருக்கும். சட்டத்தையும் அப்படியே வாசித்தேன்.

இந்தச் சட்டத்தில் பெற்றோர் முக்கியமாக மூன்று இடங்களில் வருகிறார்கள். பிரிவு 10: பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது அவர்கள் கடமை. பிரிவு 24: ஆசிரியர் பெற்றோரை அடிக்கடி கூட்டி, பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் பற்றி அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். பிரிவு 21: பள்ளி மேலாண்மைக் குழு. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்காவது பெற்றோர்; பாதிப் பேர் பெண்கள்; நலிந்த பிரிவினருக்கும் உரிய பங்கு. குழுவின் வேலை: பள்ளி நடப்பதைக் கண்காணிப்பது, வளர்ச்சித் திட்டம் தயாரித்துப் பரிந்துரைப்பது, நிதி எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பது.

இருக்கைக் கணக்கில் இந்தச் சட்டத்தைக் குறை சொல்ல மாட்டேன். தமிழ்நாட்டில் 2022ல் இந்தக் குழுக்களை 20 பேரோடு திருத்தி அமைத்தார்கள், ஒரு தாயையே தலைவராக வைத்து. 2024ல் முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 ஆக்கினார்கள். நல்ல விஷயம்தான். என் பிரச்சினை வினைச்சொற்களோடு.

பத்தில் பெற்றோர் சேர்க்கிறார். இருபத்துநான்கில் அவருக்குச் சொல்லப்படுகிறது. இருபத்தொன்றில் அவர் கண்காணிக்கிறார். அவர் சொல்வதைப் பள்ளி கேட்க வேண்டும் என்று இந்த மூன்றிலும் இல்லை. அது வருவது பிரிவு 32ல், ஒருவர் உள்ளாட்சியிடம் எழுத்தில் புகார் கொடுத்த பிறகு, சம்பந்தப்பட்டவர்களை விசாரிக்கும் கட்டத்தில். அதாவது பேச்சு முறிந்த பிறகு.

'கண்காணித்தல்' என்ற சொல்லும் எனக்கு இடிக்கிறது. தலைமை ஆசிரியர் பக்கம் நின்று பாருங்கள். ஏற்கனவே மேலதிகாரி கண்காணிக்கிறார். பதிவேடுகள் குவிந்து கிடக்கின்றன. இப்போது பெற்றோரும் கண்காணிப்பாளர்கள் என்றால், அவர் தற்காத்துக்கொள்ளத்தான் பார்ப்பார். சீக்கிரம் கூட்டத்தை முடித்துக் கையெழுத்து வாங்குவது அவருக்குப் பாதுகாப்பு. இஸ்திரி வண்டிக்காரருக்கோ, பிள்ளைக்குப் பாடம் சொல்லித்தரும் டீச்சரைக் கண்காணிக்கச் சொன்னால் வாய் வராது. இவருக்குப் பயம், அவருக்குக் கூச்சம். நடுவில் தாழ்ப்பாள் இல்லாத கதவு.

அதிகாரம் கொடுத்தால் சரியாகிவிடுமா? சிகாகோவில் கொடுத்துப் பார்த்தார்கள். 1988ல் வந்த சட்டத்தின்படி ஒவ்வொரு பள்ளிக்கும் ஓர் உள்ளூர்ப் பேரவை: 6 பெற்றோர், 2 ஊர்க்காரர்கள், 2 ஆசிரியர்கள், பள்ளி முதல்வர். முதல்வரைத் தேர்ந்தெடுப்பதும் அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதும் இந்தப் பேரவைதான். பெரிய அதிகாரம். 1989ல் நடந்த முதல் தேர்தலில் இருந்த வேகம் பிறகு குறைந்தது. உறுப்பினர்களுக்குப் பயிற்சி கட்டாயம் என்று பின்னால் விதி வந்தது. அதிகாரம் அவசியம்தான். ஆனால் கூட்டத்துக்கு வருபவர் கையில் விவரம் இல்லாவிட்டால் அது நோட்டில்தான் இருக்கும்.

இதைப் பள்ளிகளின் தவறு என்று மட்டும் எழுதிவிட்டு நான் தப்பிக்க முடியாது. யூஸர் சைன்-ஆஃப் என்று எங்கள் தொழிலில் ஒன்று உண்டு. நாற்பது பக்க ஆவணத்தை முந்தின நாள் ராத்திரி அனுப்பி, மறுநாள் காலையில் "ஓகேதானே சார்?" என்று கையெழுத்து வாங்கியிருக்கிறேன். காபி, பிஸ்கட் எல்லாம் உண்டு. மரியாதைக்குக் குறைவே வைத்ததில்லை. மூன்று மாதம் கழித்து, "நாங்க கேட்டது இது இல்லையே" என்பார்கள்.

என் பையன் படிப்பது தனியார் பள்ளியில். அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளுக்குப் பிரிவு 21 பொருந்தாது. போன வருடம் பள்ளி நேரத்தை மாற்றும்போது 'பெற்றோர் கருத்து' என்று ஆன்லைன் படிவம் அனுப்பினார்கள். அதில் இருந்த ஒரே பொத்தான்: 'சம்மதம்'. லட்சத்தில் ஃபீஸ் கட்டும் எனக்குச் சட்டம் தராத இடத்தை அந்த இஸ்திரி வண்டிக்காரருக்குத் தந்திருக்கிறது. அதை அவர் பயன்படுத்த முடியவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

மரியாதை என்று நான் எதிர்பார்ப்பது சின்னச் சின்ன விஷயங்கள்தான். கூட்டம் தினக்கூலிக்காரர் வரக்கூடிய நேரத்தில் இருக்கட்டும். போன கூட்டத்தின் தீர்மானத்தையும் அது என்ன ஆயிற்று என்பதையும் முதலில் சத்தமாக வாசிக்கட்டும். பிறகு சுற்றிவர ஒவ்வொரு பெற்றோரும் ஒரு விஷயம் சொல்லட்டும். அதை நோட்டில் ஏற்றிவிட்டு மற்றதைப் பேசலாம். கையெழுத்து கடைசியில். பெற்றோர் பக்கமும் ஒரு கடமை உண்டு. எப்படிப் பாடம் நடத்துவது என்பது ஆசிரியர் அறிந்த விஷயம். அதில் அதட்டக் கூடாது. பிள்ளை ஏன் தண்ணீர் குடிப்பதில்லை என்பது தாய் அறிந்த விஷயம். அதை ஆசிரியர் கேட்காமல் விடக் கூடாது.

தமிழில் 'கேள்' என்றால் கேள்வி எழுப்பு என்றும் பொருள், காது கொடு என்றும் பொருள். சட்டத்தில் விடுபட்டிருப்பது இந்தச் சொல்தான்.

போன வாரம் அவரிடம் இதையெல்லாம் சொன்னேன். "நீங்களே ஒரு லெட்டர் எழுதிக் குடுங்கண்ணா, டீச்சர்கிட்ட குடுத்துடறேன்" என்றார். எழுதப் போனவன் நிறுத்திவிட்டேன். நான் எழுதினால் அது இன்னொரு தாளாகிவிடும், அவர் அதிலும் கையெழுத்துதான் போடுவார். "தாழ்ப்பாள் இல்லன்னு நீங்களே சொல்லுங்க. சொன்னதை நோட்டுல எழுதிட்டாங்களான்னு பாத்துட்டு கையெழுத்து போடுங்க" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "பக்கத்து வீட்டு அக்காவும் மெம்பர்தான். ரெண்டு பேரா சொல்லிப் பாக்கறோம்" என்றார்.

அடுத்த கூட்டம் இந்த மாதக் கடைசியில்.