தொடர்ச்சி: ஒரு செயலியும் ஒரு மலையும்

போன வருஷம் பங்குனியில் ஒரு ராத்திரி, தேனிக்குப் பக்கத்தில் க.விலக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து ஒரு பொய் சொன்னேன். வாய் திறந்து யாரிடமும் சொல்லவில்லை. கைப்பேசியில் ஒரு வட்டத்தைத் தொட்டேன், அது பச்சையானது. ‘இன்றைக்கு 20 பக்கம் படித்துவிட்டேன்’ என்று அதற்கு அர்த்தம். மணி 11.50. நெஞ்சுவலி என்று அன்று மத்தியானம்தான் அப்பாவைக் கம்பத்திலிருந்து கொண்டுவந்து சேர்த்திருந்தோம். நான் அன்றைக்குப் படித்தது மருந்துச் சீட்டு மட்டும்.

“ஏண்டா, இந்நேரத்துல யாருக்கு மெசேஜு?” என்றாள் அம்மா.

“ஆபீஸும்மா.”

அது இரண்டாவது பொய். முதல் பொய்யைச் சொன்னதற்குக் காரணம், அந்தச் செயலியில் 213 என்று ஒரு எண் இருந்தது. 213 நாள் விடாமல் படித்திருந்தேன். பன்னிரண்டு மணி தாண்டினால் அது பூஜ்யமாகிவிடும். உள்ளே அப்பா மானிட்டரோடு படுத்திருக்கிறார், வெளியே நான் ஒரு எண்ணைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன். இதை வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

வெட்கத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்த எண் எப்படி ஓடுகிறது என்று எனக்கு நன்றாகவே தெரியும். முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் இதே அம்சத்தை நானே எழுதியிருக்கிறேன். மேல்பூச்சுகளை நீக்கிவிட்டால் நாலைந்து வரிதான். கடைசியாகக் குறித்த தேதி நேற்று என்றால் ஒன்றைக் கூட்டு. இல்லையென்றால் பூஜ்யத்திலிருந்து தொடங்கு. சோம்பல், காய்ச்சல், சாவு, வெள்ளம், வேலைநிறுத்தம், பவர்கட் எல்லாம் அந்த ‘இல்லையென்றால்’ என்ற ஒரே சொல்லுக்குள் போய்விடும். ‘ஏன் விட்டுப்போனது என்று எழுத ஒரு பெட்டி வைக்கலாமே’ என்று ஒரு கூட்டத்தில் கேட்டேன். ‘பயனரைச் சோர்வாக்கும்’ என்றார்கள். அதற்குமேல் நானும் வற்புறுத்தவில்லை.

ஒரு நாவலை வாசிப்பதுபோல ஒரு செயலியையும் வாசிக்கலாம் என்று நினைக்கிறேன். மனிதனைப் பற்றி அதற்கும் ஒரு பார்வை இருக்கிறது. ஹாபிட்டிகாவில் அன்றாட வேலை ஒன்றை விட்டால் நம் கதாபாத்திரத்தின் உயிர்ப்புள்ளி குறைகிறது. டுவோலிங்கோவில் ஒரு நாள் தவறினாலும் தொடர்ச்சி அறாமலிருக்க, ரத்தினக் கற்களைக் கொடுத்து ‘ஃப்ரீஸ்’ வாங்கி வைத்துக்கொள்ளலாம். 2008-இல் யேல் பல்கலைக்கழகப் பொருளியலாளர்கள் தொடங்கிவைத்த ஸ்டிக் தளத்தில் சொந்தப் பணத்தையே பணயம் வைக்கலாம். தோற்றால் அந்தப் பணம் நமக்குப் பிடிக்காத ஓர் அமைப்புக்குப் போகும்படிகூட ஏற்பாடு செய்துகொள்ளலாம். விதிகள் வேறுவேறு, ஆனால் கதாநாயகன் ஒருவன்தான். அவனுக்கென்று தனி அறை இருக்கிறது, அவனுடைய நேரம் அவன் கையில் இருக்கிறது, யாரும் அவனை இடையில் கூப்பிடுவதில்லை. கதையில் இருக்கும் ஒரே வில்லன் அவனுடைய சோம்பல்.

எங்கள் பள்ளத்தாக்கில் இன்னொரு கதாநாயகன் உண்டு. அவன் பெயர் ரெங்கசாமி.

*

2018 ஆகஸ்டில் வெளிவந்த ‘மேற்குத் தொடர்ச்சி மலை’யை முதல் தடவை பார்த்தபோது எங்கள் ஊர் மண்ணைத் திரையில் பார்க்கிற சந்தோஷம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது. லெனின் பாரதி இயக்கம், தேனி ஈஸ்வர் ஒளிப்பதிவு, பண்ணைப்புரத்துக்காரரான இளையராஜாவின் இசை. ஆஸ்பத்திரியிலிருந்து அப்பா வீடு திரும்பிய பிறகு மறுபடி பார்த்தேன். இந்தத் தடவை அது இலக்கு பற்றிய படமாகத் தெரிந்தது. கைப்பேசியில் ஸ்ட்ரீக் என்பதற்குத் தமிழில் ‘தொடர்ச்சி’ என்று போட்டிருப்பார்கள். அந்தச் சொல் படத்தின் தலைப்பிலேயே இருப்பதையும் அப்போதுதான் கவனித்தேன்.

ரெங்கசாமி மலைக்கு மேலே இருக்கும் ஏலத்தோட்டங்களிலிருந்து அடிவாரத்துக்கு மூட்டை சுமக்கிறவன். அவனுடைய ஒரே இலக்கு சொந்தமாகக் கொஞ்சம் நிலம். 1981-இல் ஜார்ஜ் டோரன் என்பவர் ஒரு மேலாண்மை இதழில் நல்ல இலக்குக்கு ஐந்து அடையாளங்களை எழுதினார். இன்றைக்கும் எல்லா அலுவலகப் பயிற்சியிலும் ‘ஸ்மார்ட்’ என்ற பெயரில் நமக்கு ஊட்டப்படுவது அதுதான். குறிப்பாக இருக்க வேண்டும், அளக்கக்கூடியதாக இருக்க வேண்டும், கெடு இருக்க வேண்டும் என்று போகும். ரெங்கசாமியின் இலக்கைவிடத் துல்லியமான ஒன்று கிடையாது. எந்த நிலம் என்று அவனுக்குத் தெரியும், என்ன விலை என்று தெரியும், பத்திரம் பதிகிற நாள்கூடத் தெரியும்.

ஒழுக்கத்திலும் அவனிடம் குறை இல்லை. படத்தின் முதல் பாதியில் பெரும்பகுதி அவன் நடப்பதுதான். விடியலில் ஏறுகிறான், சுமையோடு இறங்குகிறான். வழியில் இருக்கிற எல்லோரும் அவனுக்கு வேண்டியவர்கள். ஒரு செயலி அவனைக் கண்காணித்தால் அவன் வட்டங்கள் எல்லாம் பச்சையாகத்தான் இருக்கும். படிக்கட்டு ஏறிய கணக்கில் சென்னையில் எங்கள் அலுவலகத்தில் யாரும் அவன் பக்கத்தில் நிற்க முடியாது.

ஆனால் பத்திரப்பதிவு நின்றுபோகிறது. விற்கிற வீட்டின் பங்காளிகளுக்குள் தகராறு. சேர்த்த பணத்தில் வாங்கிய ஏலக்காய் மூட்டை மலைச்சரிவில் உருண்டு சிதறுகிறது. ஒருவழியாக நிலம் கைக்கு வந்த பிறகு விதைக்கும் உரத்துக்கும் பட்ட கடன் அந்த நிலத்தையே தின்கிறது. நடுவில் தொழிற்சங்கச் சண்டையில் சிறைக்கும் போய்விட்டு வருகிறான். முடிவில் அதே நிலத்தில் நிற்கும் காற்றாலைக்கு அவன் காவல்காரன். கேமரா மேலே எழும்ப எழும்ப, வரிசையாகக் காற்றாலைகள் தெரிகின்றன.

இதில் எந்த இடத்தில் ரெங்கசாமியின் மனவுறுதி தளர்ந்தது? நான் தேடிப்பார்த்தேன். ஓரிடத்திலும் இல்லை. இந்தக் கதையை எங்கள் நிரலுக்குக் கொடுத்தால் அது சொல்லப்போகும் விடை பூஜ்யம். படம் அந்தப் பூஜ்யத்துக்கான காரணங்களை ஒவ்வொன்றாக, பொறுமையாக, யாரையும் திட்டாமல் எழுதிக்காட்டுகிறது. அதனால்தான் அது எனக்கு முக்கியமான படம்.

படத்துக்கு வெளியிலும் நிலைமை இதுதான். கம்பம், கோம்பை, தேவாரம், போடி ஊர்களிலிருந்து விடிவதற்குள் ஜீப்புகள் கம்பமெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக இடுக்கித் தோட்டங்களுக்கு ஏறுகின்றன. அங்கே பறிக்கிற காய் போடியிலும் புத்தடியிலும் ஏலத்துக்கு வருகிறது. 2019-இல் கிலோ 7000 ரூபாயைத் தொட்ட ஏலக்காய், மூன்று வருஷத்துக்குள் ஆயிரத்துக்குக் கீழே இறங்கியது. அந்த வருஷங்களில் ஒரு சின்ன விவசாயி ‘இவ்வளவு சேர்ப்பேன்’ என்று செயலியில் இலக்கு வைத்திருந்தால், அவர் தினமும் எத்தனை மணிக்கு எழுந்தார் என்பது அந்த இலக்கை எவ்வளவு தூரம் நகர்த்தியிருக்கும்?

*

இலக்கு வைத்தால் வேலை நடக்கும் என்பது பொய்யில்லை. அதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், பேர்பெற்ற ஆதாரங்களில் ஒன்றும் சுமை பற்றியதுதான். அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் மரத்தடி ஏற்றும் லாரிகள், சட்டம் அனுமதிக்கும் எடையில் 60 சதவீதம் அளவுக்கே ஏற்றிக்கொண்டிருந்தன. ‘முடிஞ்ச அளவு ஏத்துங்க’ என்று சொல்வதை விட்டுவிட்டு, ‘94 சதவீதம்’ என்று எண்ணாகச் சொன்னார்கள். சில மாதங்களில் அது 90-ஐ ஒட்டி வந்து நின்றது. கேரி லேத்தமும் ஜேம்ஸ் பால்டஸும் 1975-இல் இதை வெளியிட்டார்கள். ஓட்டுநர்களுக்குக் கூடுதலாக ஒரு காசு தரவில்லை, பாராட்டு மட்டும்தான். நிறுவனத்துக்கு மிச்சமானதோ இரண்டரை லட்சம் டாலருக்கு மேல்.

ரெங்கசாமியைப் பார்த்த பிறகு இந்த ஆய்வை என்னால் பழையபடி படிக்க முடியவில்லை. இலக்கு வேலை செய்தது உண்மை. ஆனால் 94 என்பது யாருடைய எண்? லாபம் யாருக்கு? தொழிற்சாலைக்காகப் பிறந்த ஒரு கருவியை இன்றைக்கு நாமே நம் மேல் பூட்டிக்கொள்கிறோம். மேற்பார்வையாளரும் நாம்தான், சுமை ஏற்றுகிறவரும் நாம்தான். இரண்டு பேருக்கும் நடுவில் சண்டை வந்தால் சங்கம் கிடையாது.

எங்கள் ஊரிலும் மனவுறுதிக்கு ஒரு பெரிய கதை இருக்கிறது. லோயர் கேம்ப்பில் மணிமண்டபத்தில் நிற்கும் பென்னிகுயிக். வெள்ளம் தடுப்புகளை அடித்துக்கொண்டு போனது, அவர் சொத்தை விற்றுவந்து அணையைக் கட்டி முடித்தார் என்று பள்ளிக்கூடத்தில் கேட்டு வளர்ந்தோம். சொத்தை விற்ற கதைக்கு ஆதாரம் பற்றிய விவாதம் இன்னும் இருக்கிறது. அது எப்படியோ போகட்டும். ஜனவரி 15-இல் அவருக்குப் பொங்கல் வைக்கிற நன்றியில் நானும் பங்குள்ளவன், எங்கள் சோறு அந்தத் தண்ணீர். ஆனால் 1887-இலிருந்து 1895 வரை அந்தக் காட்டில் கல் சுமந்தவர்களில் நூற்றுக்கணக்கானோர் காய்ச்சலில் செத்தார்கள். தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் மேடையில் இந்தக் கதையைச் சொல்லும்போது அவர்கள் கழிந்துபோகிறார்கள். ஒரு மனிதன், ஒரு இலக்கு, ஒரு வெற்றி என்று மிஞ்சுகிறது. செயலியின் திரையும் அப்படித்தான், அதில் ஒரே ஒரு பெயருக்குத்தான் இடம்.

*

செயலி வருவதற்கு முன்னால் எங்கள் வீட்டில் இலக்கே இல்லை என்று சொல்ல முடியாது. அம்மா சீட்டுப் போட்டுத்தான் என் இன்ஜினியரிங் ஃபீஸ் கட்டினாள். இருபது பெண்கள், மாசம் ஆயிரம், இருபது மாசம். ஒரு மாசம் அப்பாவுக்கு வேலை இல்லாமல் போனபோது சீட்டுக்காரம்மா வீட்டு வாசலில் நின்று சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. “மலையில மழைன்னு எல்லாருக்கும் தெரியும்ல. அடுத்த மாசம் சேத்துக் குடு.” அந்தக் கணக்கில் காரணத்துக்கு இடம் இருந்தது, ஏனென்றால் அதே மழை அவர்கள் வீட்டிலும் பெய்தது. வீரபாண்டி கௌமாரியம்மனுக்குச் சித்திரையில் அக்கினிச்சட்டி எடுப்பதாக நேர்ந்துகொண்டவர்களும் அப்படித்தான். ஒரு வருஷம் முடியாமல் போனால் அடுத்த வருஷம் எடுக்கிறார்கள். ஆத்தா பூஜ்யத்திலிருந்து எண்ணுவதில்லை.

இதை வைத்துக்கொண்டு ஊர்க் கூட்டமே கருணை என்று நான் சொல்ல வரவில்லை. சீட்டு எடுத்துவிட்டு ராத்திரியோடு ராத்திரியாக ஓடிப்போனவர்களையும் பார்த்திருக்கிறேன். இன்றைக்கு வாரக்கடன் குழுக்களில் ஒருத்தி தவணை கட்டவில்லை என்றால் மற்றவர்கள் அவள் வாசலில் போய் உட்காரவேண்டியிருக்கிறது. அங்கே காரணம் கேட்க யாருக்கும் நேரமில்லை. அதனால் தனியாளா கூட்டமா என்பது என் கேள்வியாக இல்லை. இந்தக் கணக்கில் ‘ஏன்’ என்று எழுத ஒரு இடம் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறேன்.

செயலியை நான் தூக்கிப்போடவும் இல்லை. 213 நாளில் பெரும்பாலான நாள் உண்மையாகவே படித்தேன். தண்ணீர் குடிக்க, நடக்க, படிக்க, சிகரெட்டை விட, இப்படி நம் கைக்குள் இருக்கிற விஷயங்களுக்கு அது உதவத்தான் செய்கிறது. கைக்கு வெளியே இருப்பதையும் அதே வட்டத்துக்குள் அடைத்துவிட்டு, விழுந்தவன் தன்னையே குற்றம் சொல்லும்படி செய்வதுதான் அதன் தப்பு. வேலை போன நண்பன் ஒருவன், ‘மாசம் பத்தாயிரம் சேமிப்பு’ என்ற இலக்குக்கு எதிரே வரிசையாக வந்த காலி வட்டங்களைக் காட்டி, “நான் வேஸ்ட்டுடா” என்றான். அவனை வெளியே அனுப்பியவர்களின் பெயர் அந்தத் திரையில் எங்கேயும் இல்லை.

அப்பா வீட்டுக்கு வந்த பிறகு மருந்துச் சீட்டு வைக்க அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தேன். அடியில் பழைய நாற்பது பக்க நோட்டுகள். தோட்ட வேலைக்குப் போன நாள்களின் கணக்கு. போன நாளுக்கு ஒரு கோடு. போகாத நாளில் கோட்டுக்குப் பதில் ஒரு சொல். ‘மழை.’ ‘ஜீப் வரலை.’ ‘பந்த்.’ ‘தம்பிக்குக் காய்ச்சல்.’ தம்பி என்று அவர் எழுதியிருப்பது என்னைத்தான்.

“கோடு மட்டும் போட்டாப் பத்தாதாப்பா? இதெல்லாம் எதுக்கு எழுதுனீங்க?”

“சம்பளத்துக்குக் கோடு போதும். நம்ம சும்மா இருந்தமா இல்லையான்னு நமக்குத் தெரியணும்ல” என்றார்.

அன்றைக்கு ராத்திரி செயலியைத் திறந்து அந்தப் பங்குனி நாளின் பச்சை வட்டத்தை அணைத்தேன். எண் சரிந்து விழுந்தது. இப்போது மறுபடி 61-இல் நிற்கிறது. அணைத்த நாளுக்குப் பக்கத்தில் எழுத அங்கே இடம் இல்லாததால் இங்கே எழுதிவைக்கிறேன்: அப்பாவுக்கு நெஞ்சுவலி. க.விலக்கு. படிக்கவில்லை.