பவழமல்லிக்குப் புது வாசல்

கன்று வாங்கி நட்டு வளர்ப்பதும் சுகம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வருஷக்கணக்கில் பூத்துக் குலுங்கிய பவழமல்லியைத் தாய்மண்ணோடு பெயர்த்து, குட்டியானை வண்டியில் ஏற்றி, இன்னொரு வாசலில் இறக்கி, அது துளிர்விடுவதைப் பார்ப்பது இருக்கிறதே, அடடா! பத்தாயிரம் வாலாவைக் கொளுத்தினாலும் அந்தக் குதூகலம் வராது. சொல்வது சிவகாசிக்காரன், நம்புங்கள்.

வீட்டு முன்பக்கத் தோட்டத்தைத் திருத்தி, அம்மா உட்காரத் திண்ணையும் வண்டிக்குக் கொட்டகையும் போட நினைத்தோம். குறுக்கே நின்றவை பவழமல்லி, நந்தியாவட்டை, செம்பருத்தி, மருதாணி, கறிவேப்பிலை, காகிதப்பூ. “வெட்டிப் போட்ருவோம் அண்ணாச்சி, ஒரு மணி நேர வேலை” என்றார் கொத்தனார். பூத்து நிற்கிற செடியை வெட்டுவதா? பெயர்த்துக் கொடுத்துவிடுவோம் என்று இறங்கினேன்.

எங்கள் தெரு கரிசல் மண். காய்ந்தால் பாளம் பாளமாக வெடித்து வேரையும் அறுத்துவிடும். நனைந்தால் மண்வெட்டியை விடாது. நடுவில் ஒரு பதம் உண்டு. கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கும், விரலில் அப்பாது. அந்தப் பதத்தில் தோண்டினால் தாய்மண் உதிராமல் அப்படியே திரண்டு வருகிறது பாருங்கள், மணல்காட்டுக்காரர்கள் பொறாமைப்பட வேண்டும்!

ஆடிக்காற்று அடங்கி, ஆவணியில் வேலை ஆரம்பம். செடியைச் சுற்றி முதலில் இரண்டு பக்கம் மட்டும் பள்ளம் பறித்து, குறுக்கே வந்த வேர்களைக் கூரான அரிவாளால் நறுக்கி, மட்கிய எருவும் மணலும் கலந்து மூடினோம். சில வாரத்தில் அறுத்த நுனிகளில் வெள்ளை வெளேரென்று சல்லிவேர் கிளம்பியது. அதன்பிறகுதான் மற்ற இரண்டு பக்கம். தண்டின் பருமனைப்போலப் பத்து மடங்கு அகலத்துக்கு மண் வேண்டும். 6 செ.மீ. தண்டு என்றால் 60 செ.மீ. அகலம். 40 செ.மீ. ஆழம் வைத்தால் அந்த உருண்டை 200 கிலோவை நெருங்கும். விளையாட்டில்லை!

தூக்க ஆள்? தீபாவளி முடிந்தால் பட்டாசு ஆலைகளுக்கு விடுமுறை. வடகிழக்குப் பருவமழையும் அந்தச் சமயத்தில்தான். ஆளும் உண்டு, ஈரமும் உண்டு. இப்படி ஒரு பொருத்தம் வேறு எந்த ஊருக்கு வாய்க்கும்? பாதி இலையைக் கழித்து, தாய்மண்ணைச் சாக்கில் பொதிந்து, சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டினோம். வடக்கே பார்த்த கிளையில் காலண்டர் அட்டையைக் கிழித்து அடையாளம் கட்டினேன். புது இடத்திலும் அதே கிளை வடக்கே பார்த்து நின்றால், வெயில் படாத பட்டை திடீரென்று கருகாது. சிவகாசியில் காலண்டர் அட்டைக்கா பஞ்சம்!

மரத்தை வேரோடு இடம் மாற்றுவது புதிதல்ல. எகிப்து அரசி ஹட்செப்சுட் சுமார் 3,500 ஆண்டுக்கு முன்பே புந்த் நாட்டிலிருந்து நறும்பிசின் மரங்களை வேரோடு கூடையில் வைத்துக் கப்பலேற்றி வரவழைத்தாள். அவளுடைய கோயில் சுவரில் அந்தக் காட்சி செதுக்கியிருக்கிறது. கூடையில் மரம், கம்பில் கோத்த கூடை, தோளில் கம்பு. நாங்கள் தூக்கியதும் அதே மாதிரிதான். கப்பல் மட்டும் இல்லை.

பவழமல்லி ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் ஒரு பெருமாள் கோயில் நந்தவனத்துக்குப் போனது. துளசி நந்தவனத்தில் ஆண்டாளைப் பெரியாழ்வார் கண்டெடுத்ததாகச் சொல்லும் மண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான சீர் ஏது? மாலை வெயில் தாழ்ந்த பிறகு, பழைய ஆழத்துக்கு மேலும் இல்லாமல் கீழும் இல்லாமல் நட்டு, குழி நிறையத் தண்ணீர் விட்டு, தென்னங்கீற்றால் நிழல் கட்டினோம். இலையெல்லாம் கொட்டி நின்றது. கொட்டட்டும், தண்டை நகத்தால் கீறினால் பச்சை தெரிகிறதே! அப்புறம் கணுவுக்குக் கணு துளிர். நான் கத்திய கத்தலில் பட்டர் ஓடிவந்துவிட்டார்.

நந்தியாவட்டை திருத்தங்கலில் ஒரு பள்ளிக்கூட வாசலில். செம்பருத்தியும் பிழைத்தது. கறிவேப்பிலையில் தாய்ச்செடியை விட்டுவிட்டு, பக்கத்தில் முளைத்த கன்றுகளை மட்டும் வேரோடு பிரித்துக் கொடுத்தேன். காகிதப்பூவைத் தொடவே இல்லை. அதன் வேர் தாய்மண்ணைப் பிடித்து நிற்காது, மண் உதிர்ந்தால் செடி போச்சு. திண்ணையைத்தான் ஒரு முழம் நகர்த்தினோம்.

மருதாணிக்கு மட்டும் பெரிய போட்டி. எதிர்வீட்டு மதினி, “நான் சின்னதுலருந்து இதுலதான பறிக்கிறேன், எனக்கில்லாம யாருக்கு?” என்று கடப்பாரையோடு வந்து நின்றார். தெருவைத் தாண்டக் குட்டியானை எதற்கு, ஆளுக்கொரு பக்கம் பிடித்துச் சாக்கோடு தூக்கிக்கொண்டு போய்விட்டோம். இப்போது அவர் வீட்டுப் பின்பக்கத்தில் ஒரு முருங்கை இடைஞ்சலாக நிற்கிறதாம். “எப்ப வர்றீக அண்ணாச்சி?” என்று கேட்டிருக்கிறார். முருங்கைக்கு இத்தனை பாடு வேண்டாம், போத்து வெட்டி ஊன்றினாலே வந்துவிடும். இருந்தாலும் கடப்பாரையைத் தீட்டக் கொடுத்திருக்கிறேன்.