தனதத்தன் தந்த வீடு

மாங்கனித் திருவிழா நடக்கும் எங்கள் காரைக்காலில், பெரியபுராணத்து மாம்பழத்தைப் பேசுகிற அளவுக்கு அதில் வரும் வீட்டை யாரும் பேசுவதில்லை. தனதத்தன் தன் ஒரே மகள் புனிதவதியை நாகப்பட்டினத்துப் புகுந்த வீட்டுக்கு அனுப்பவில்லை. இங்கேயே தனிவீடும் பெருஞ்செல்வமும் கொடுத்துத் தம்பதியைக் குடிவைத்தான். வாடகைக் கவலையில்லாத வீடு. அங்கே பிள்ளை பிறந்ததாகச் சேக்கிழார் சொல்லவில்லை. கப்பலேறிப் போன பரமதத்தன் பாண்டிநாட்டில் வேறொருத்தியை மணந்து, பிறந்த மகளுக்குப் புனிதவதி என்றே பெயரிட்டான். அவன் இருக்குமிடம் தெரிந்ததும் சுற்றத்தார் இவளைப் பல்லக்கில் ஏற்றி அங்கே கொண்டுபோனார்கள். என் வாசிப்பில், அப்பா தந்த வீட்டில் புருஷன் இல்லாமல் ஒருத்தி இருப்பது அவர்களுக்குப் பொறுக்கவில்லை. அவளுக்கென்று தந்த வீடு அவளுடையதாக ஆகவேயில்லை.

2025 மார்ச்சில் அதே நாகப்பட்டினத்தில், ஒரு திருமண மேடையில், புதுமணத் தம்பதிகள் உடனே குழந்தை பெற்றுக்கொள்ளச் சொன்னார் முதல்வர் மு.க. ஸ்டாலின். தொகுதி மறுவரையறையில் எம்.பி. இடங்கள் குறையுமே என்ற கவலை. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி ஒரு பெண்ணுக்குச் சராசரியாகத் தமிழ்நாட்டில் 1.8 பிள்ளை, புதுச்சேரியில் 1.5. தென்கொரியாவில் 2023-இல் 0.72, வீட்டுவிலையை அங்கே ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். சரிதான், ஆனால் பாதிதான். நம்மிடம் கணக்கு பெண் பிறந்ததுமே தொடங்கிவிடுகிறது. காயல்பட்டினம், கீழக்கரை மாதிரி ஊர்களில் மகளுக்கு வீடு. மற்ற இடங்களில் நகை, ரொக்கம், மனை. கல்யாணமான என் மாணவிகள் இரண்டாவது பிள்ளையைப் பற்றிப் பேசும்போது வாடகைக்கு முன்னால் வருவது, மாமியார் வீட்டில் கதவு சாத்திக்கொள்ள ஓர் அறை உண்டா என்பது. வேலைக்குப் போகிறவள் வீட்டுக்கடன் தவணையில் பாதி கட்டுகிறாள். பத்திரத்தில் அவள் பெயர் இருக்கிறதா என்று எந்தக் கல்யாண மேடையிலும் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.