நாளுக்கு ஒரு படம்

எங்கள் ஊரான பாலசமுத்திரத்தில் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் ஆல்பம் உண்டு. சாதாரணச் செவ்வாய்க்கிழமைக்குக் கிடையாது. அதனால்தான் தினமும் செல்போனில் ஒரு படம் எடுக்கும் பழக்கம் எனக்கு அவ்வளவு பிடிக்கிறது.

நியூயார்க்கில் ஜேமி லிவிங்ஸ்டன் என்பவர் 1979 மார்ச் 31 முதல், இறந்த நாளான 1997 அக்டோபர் 25 வரை தினமும் ஒரு போலராய்டு படம் எடுத்துவந்தார். நண்பர்கள், சாப்பாட்டு மேசை, கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டில். நாளுக்கு ஒன்றுதான் என்ற அந்தக் கட்டுப்பாடுதான் கண்ணைப் பழக்குகிறது.

நம்மூரில் எடுக்க என்ன இல்லை? பட்டை போட்டுக் குங்குமம் வைத்த டீக்கடை பாய்லர், அதன் மூடியில் செருகிய வாடாத செவ்வந்தி. தெற்கே மலையை மேகம் மூடிய காலை. தைப்பூசத்துக்குப் பழனி நோக்கி நடப்பவர்களின் வெடித்த பாதங்கள் (முகத்தை எடுப்பதென்றால் கேட்டுவிட்டு எடுக்க வேண்டும்). மாதக் கடைசியில் பிரிண்ட் போட்டு, பின்பக்கம் தேதியும் பெயரும் எழுதிவிடுங்கள். யார் யாரென்று சொல்லப் பெரியவர்கள் இருக்கும்போதே.